கையடக்க இண்டக்ஷன் சூடாக்கி: முதலில் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

போன ஜனவரியில் ஒரு மாலை. டொராண்டோவில் வீட்டுக்குப் பின்னால் பனியில் நின்றபடி, நானே கட்டிய இண்டக்ஷன் சூடாக்கியின் பொத்தானை அழுத்தினேன். மூலிகையை ஆவியாக்கும் சிறு குழாய் ஒன்றின் எஃகு மூடியைச் சுருளின் காந்தப்புலத்தால் சூடேற்றும் கருவி அது. குளிர் மைனஸ் 18 டிகிரி. சூடாக்கி ஒரு மணி நேரமாக மேலங்கியின் வெளிப்பையில் கிடந்திருந்தது. ஏழெட்டு விநாடியில் 'டிக்' என்று ஒலிக்க வேண்டிய மூடி சூடேறவே இல்லை. கருகிய வாடைதான் வந்தது. உள்ளே கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். மின்சுற்றுப் பலகையின் இரண்டு மாஸ்ஃபெட்களில் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்சுகள்) ஒன்று வெடித்திருந்தது, மற்றது ஷார்ட் ஆகியிருந்தது. செல்கள் அறைச் சூட்டுக்கு வந்ததும் மூன்றும் ஒழுங்கான வோல்ட்டைக் காட்டின. பலகையோ ஐந்து மாதம் குறையின்றி உழைத்த பலகை. 30 ஆம்பியர் ஃபியூஸ் உருகாமல் அப்படியே இருந்தது. தனித்தனியே நல்ல நிலையில் இருந்த செல்களும் பலகையும் சேர்ந்தபோது பலகை ஏன் எரிந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்: எந்தப் பலகை வாங்கலாம், சுருளை எத்தனை சுற்றுச் சுற்றலாம். எழுந்து போகும்போது, "பேட்டரி ஏதாவது 12 வோல்ட்டில் இருந்தால் போதும்தானே?" என்பார்கள். போதாது. பலகை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுருளைப் பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் பிரித்துச் சுற்றிவிடலாம். பேட்டரியை மாற்றினால் பெட்டி, ஸ்விட்ச், கம்பி, சார்ஜர் எல்லாம் மாறும். தவறான பேட்டரி மெதுவாகச் சூடாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பலகையையே கொன்றுவிடும்.

எதைச் சூடாக்குகிறோம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இயங்கும் டைனாவேப் நிறுவனத்தின் வேப்கேப் கருவியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அதற்குள் மின்சாரம் கிடையாது. ஒரு குழாய், அதன் முனையில் உலர்ந்த மூலிகை வைக்கச் சிறிய அறை, அந்த அறையின் மேல் காந்தம் ஒட்டும் வகை எஃகில் செய்த மூடி. மூடியின் உச்சியில் ஈருலோகத் தகடு இருக்கிறது. குறித்த சூட்டை எட்டியதும் அது வளைந்து 'டிக்' என்கிறது. ஆறியதும் திரும்ப ஒருமுறை ஒலிக்கிறது. இலை எரியாமல், அதன் எண்ணெய்கள் மட்டும் ஆவியாக வேண்டும். ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இலை கருகத் தொடங்கிவிடும். தெர்மாமீட்டர் இல்லாத இந்தக் கருவியில் அந்த ஒலிதான் நமக்கு வழிகாட்டி.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவது சட்டப்படி செல்லும். லாவெண்டர், புதினா, கெமோமைல் போன்றவற்றுக்காக இதை வைத்திருப்பவர்களும் உண்டு. இந்தியாவில் கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. அதோடு, 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியை எழுப்பும் மின்கருவியைத் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. புதினா இலைக்குத்தானே என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அங்கிருந்து வாசிப்பவர்களுக்கும் இந்த மின்சுற்று பயன்படும்: துருப்பிடித்து இறுகிய போல்ட்டைக் கழற்றவும், சிறிய எஃகுத் துண்டைப் பதப்படுத்தவும் இதே சூடாக்கி போதும். எந்த ஆவியையும் நுரையீரலுக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன்.

நெருப்பா, கடையில் வாங்குவதா, கட்டுவதா

பியூட்டேன் டார்ச் லைட்டர் மலிவு. பழகிய கைக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் காற்றடித்தால் சுடர் சாய்ந்து மூடியின் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். சுழற்றும் வேகம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் சூடும் மாறும். டார்ச் லைட்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது. மூட்டுவலியால் விரல் நடுங்கும் என் நண்பர் ஒருவருக்கு நெருப்பே ஆபத்தாக இருந்தது. அவருக்காகத்தான் நான் முதல் சூடாக்கியைக் கட்டினேன்.

தயாராகவும் கிடைக்கின்றன. டைனாவேப் நிறுவனமே ஓரியன் என்ற பெயரில் ஒன்றை விற்றது. இஸ்பயர் நிறுவனத்தின் வாண்ட் என்பதில் சூட்டைக் குறித்து வைக்கும் வசதி உண்டு. கருவியை எடுத்தோம், அழுத்தினோம், முடிந்தது என்று இருக்க விரும்புகிறவர்கள் யோசிக்காமல் அவற்றை வாங்கலாம். லித்தியம் செல்லோடு பழக்கமே இல்லாதவர்களுக்கும் அதையே சொல்வேன். கட்டுவதால் பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டாம். நல்ல செல், நல்ல சார்ஜர், ஸ்விட்ச், ஃபியூஸ் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் சொற்பம்தான். கட்டுவதன் பலன் வேறு: செல் தேய்ந்தால் நாமே மாற்றலாம், மூடி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று நாமே வைக்கலாம், எரிந்த பாகத்தைச் சில்லறைக் காசில் மாற்றலாம். என் நண்பரின் பெரிய பொத்தான் எந்தக் கடைப் பொருளிலும் இருந்ததில்லை.

பலகை ஏன் எரிகிறது

கட்டுபவர்களில் பெரும்பாலோர் வாங்குவது '5–12 வோல்ட், 120 வாட்' என்று எழுதி விற்கப்படும் சிறு பலகையைத்தான். மின்னியல் ஆர்வலர்கள் இதை இசட்.வி.எஸ். என்றோ மட்சில்லி சுற்று என்றோ சொல்வார்கள். இரண்டு மாஸ்ஃபெட்கள் ஊஞ்சலின் இரு பக்கமும் நின்று மாறி மாறித் தள்ளும் இருவரைப் போல வேலை செய்கின்றன. சுருளும் மின்தேக்கிகளும்தான் ஊஞ்சல். சுருளுக்கும் மின்தேக்கிக்கும் ஏற்ப, விநாடிக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை அந்த ஊஞ்சல் ஆடுகிறது. மாறும் காந்தப்புலம் மூடியின் எஃகில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, மூடி தானே சூடேறுகிறது. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் காந்த எஃகின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட ஆழம் இறங்காது. மூடிபோல் மெல்லிய பொருள் இவ்வளவு விரைவாகச் சூடேறுவது அதனால்தான்.

ஒரு மாஸ்ஃபெட் திறக்கும்போது அது மற்றதன் வாயிலை இழுத்து மூட வேண்டும். மின்சாரம் சட்டென்று முழு வோல்ட்டில் வந்தால் இரண்டில் ஒன்று முந்திக்கொள்ளும்; ஆட்டம் தொடங்கிவிடும். வோல்ட் மெல்ல மெல்ல ஏறி வந்தாலோ, பாரம் விழுந்ததும் பாதியாகச் சரிந்தாலோ, இரண்டும் ஒருசேரத் திறந்து அப்படியே நின்றுவிடும். ஊஞ்சல் ஆடாது. பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் முழுவதும் இரண்டு மாஸ்ஃபெட் வழியாக நேராக ஓடி அவற்றைச் சுட்டுவிடும். ஜனவரியில் எனக்கு நடந்தது இதுதான். குளிரில் லித்தியம் செல்லின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லே காட்டும் எதிர்ப்பு, பல மடங்கு கூடுகிறது. அறைச் சூட்டில் 8 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் இறங்கும் என் பேட்டரி, அன்று பல வோல்ட் இறங்கியிருக்க வேண்டும். ஆட்டம் நின்றது. அதே குளிர் காரணமாக மின்னோட்டம் 30 ஆம்பியர் ஃபியூஸை உருக்கும் அளவுக்கும் எழவில்லை. மாஸ்ஃபெட்டைச் சுடும் அளவுக்கு மட்டும் எழுந்தது.

மேல் வரம்பும் ஒன்று இருக்கிறது. இந்தச் சுற்றில் மாஸ்ஃபெட் தாங்க வேண்டிய உச்ச வோல்ட், நாம் கொடுக்கும் வோல்ட்டின் 3.14 மடங்கு. 12.6 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 40. மலிவுப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் வகை மாஸ்ஃபெட்டின் தாங்கும் எல்லை 55 வோல்ட். லித்தியம் செல்கள் நான்கைத் தொடராகப் போட்டால் முழு சார்ஜில் 16.8 வோல்ட், உச்சம் 53. விளிம்பில் நடப்பது அது. பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட்டில் உச்சம் 60. சுருளுக்குள் மூடியைக் காட்டும் முன்பே பலகை போய்விடும்.

ஆகவே, வோல்ட் 10க்கும் 13க்கும் நடுவில் நிற்க வேண்டும். 8–10 ஆம்பியரைச் சரியாமல் தர வேண்டும். அழுத்திய நொடியிலேயே முழுதாக வர வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு பேட்டரியையும் இந்த மூன்றையும் வைத்தே எடைபோடுகிறேன்.

மின்சாரம் எங்கிருந்து

வீட்டு மேசையை விட்டு நகராது என்றால் 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டரைவிட நல்லது எதுவும் இல்லை. எல்.ஈ.டி. பட்டை விளக்குகளுக்கு விற்பதே போதும். ஒரே ஒரு நிபந்தனை: ஸ்விட்சைச் சுவர்ப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சுவர் ஸ்விட்சைப் போட்டதும் அடாப்டரின் வோல்ட் மெல்ல ஏறி வருகிறது. பலகைக்கு அதுவே எமன். அடாப்டர் முதலில் உயிர்பெற்று நிற்கட்டும். அடாப்டருக்கும் பலகைக்கும் நடுவில்தான் ஸ்விட்ச்.

எல்லோரிடமும் பவர் பேங்க் இருப்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். யூ.எஸ்.பி-சி வேகச் சார்ஜ் முறையில் வழக்கமான வோல்ட் படிகள் 5, 9, 15, 20. 12 வோல்ட் தருபவை சில உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அது 36 வாட். பாரம் விழுந்ததும் பவர் பேங்க் தன்னைக் காத்துக்கொள்ள வோல்ட்டைக் குறைக்கும், அல்லது வாசலை அடைக்கும். இரண்டும் நம் பலகைக்கு ஆகாது. சுருளின் சுற்றுகளைக் கூட்டி மின்னோட்டத்தை அடக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை நிமிடம் காத்திருந்தால் 'டிக்' கேட்கும். எனக்கு அந்த வழியில் உடன்பாடு இல்லை. யூ.எஸ்.பி-சியைச் சூடாக்கியின் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பயன்படுத்துங்கள், ஓட்டப் பயன்படுத்தாதீர்கள்.

ரிமோட் விமானங்களில் போடும் மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மின்னோட்டத்தை அள்ளித் தரும். வோல்ட் சரிவு என்ற கவலையே இல்லை. 1300 மில்லி ஆம்பியர் மணி அளவில் உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் உடல்தான் பயம் தருகிறது: மெல்லிய அலுமினிய உறைக்குள் இருக்கும் மென்மையான பொதி அது. சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு இடிபடும் பொருளுக்குள் அதை வைக்க என் மனம் ஒப்பவில்லை. உள்ளே பாதுகாப்புச் சுற்று கிடையாது. செல்களைச் சமமாக நிரப்பும் தனி பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். சற்றே அதிகமாக வற்றவிட்டால் உப்பிவிடும். ஏற்கெனவே டிரோன் பறக்கவிட்டு இந்தப் பேட்டரியோடு பழகியவர்களுக்கு மட்டும் இது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நான்கைத் தொடராகப் போட்டால் 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6, உச்சம் 46, அதாவது 55க்கு நன்றாகக் கீழே. பலகையில் அச்சிட்ட 12 வோல்ட்டையும், முழு சார்ஜில் நான் சொன்ன 13ஐயும் சற்றே தாண்டுகிறது என்பதால் மாஸ்ஃபெட்டுகள் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். மற்ற லித்தியம் வகைகளைப் போல எளிதில் தீப்பற்றாது. ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். வெப்ப நாட்டில் இருந்திருந்தால் இதையே தேர்ந்தெடுத்திருப்பேன். இதன் எடையும் அதிகம், குளிரிலும் மற்ற வகைகளைவிட மோசமாகச் சோர்ந்துபோகும். டொராண்டோவுக்கு ஒத்துவராது.

இனி மீதமிருப்பவை இரண்டு: 18650 செல்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டுவது, அல்லது டிரில் கருவிகளின் 12 வோல்ட் பேட்டரியை அப்படியே செருகுவது. என் தடுமாற்றம் இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருந்தது.

18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட செல். மூன்றைத் தொடராகப் போட்டால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், நம் பலகைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ஆனால் எல்லா 18650யும் ஒன்றல்ல. லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்கள் கொள்ளளவுக்காகச் செய்யப்பட்டவை. 8 ஆம்பியரை அவற்றிடம் தொடர்ந்து கேட்கக் கூடாது. சாம்சங் 25ஆர் செல் 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவில் 20 ஆம்பியர் தரும். மோலிசெல் பி26ஏ 2600 கொள்ளளவில் 35 ஆம்பியர் வரை தாங்கும். இதுபோன்றவையே வேண்டும். '9900' என்று எழுதி விற்கும் செல்லைத் தொடவே வேண்டாம். அந்த அளவுக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிற்கும், போலிகள் பெரும்பாலும் கனமே இல்லாமல் இருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் 96 வாட். ஒருமுறை சூடாக்க 7 விநாடி என்று வைத்தால் செலவு 0.19 வாட் மணி. மூன்று 25ஆர் செல்களின் மொத்தச் சேமிப்பு 27 வாட் மணி. அடிவரை வழிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பயன்படுத்தினாலும் தொண்ணூறு முறைக்கு மேல் வர வேண்டும். பேட்டரி இறங்க இறங்க ஒவ்வொரு முறையும் நேரம் கூடுவதால் எனக்குக் கிடைப்பது எழுபது சொச்சம். பகலில் ஏழெட்டு முறை பயன்படுத்துகிற என் நண்பருக்கு ஒரு வாரத்துக்குத் தாராளம். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் 100 வாட் மணி வரம்புக்கும் வெகு கீழே.

மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்துவதை அழுத்திச் சொல்ல வேண்டும். செல் பாதுகாப்புப் பலகைகள் பொதுவாக ஒரு செல் 2.5 முதல் 2.8 வோல்ட் வரை இறங்கிய பிறகே வாசலை அடைக்கின்றன. அது செல்லைக் காக்கும் எல்லை. சூடாக்கும் பலகையைக் காக்க வேண்டுமானால் அதற்கு வெகு முன்பே, மொத்தம் 10 வோல்ட்டை ஒட்டி நிறுத்திவிட வேண்டும். எல்லை குறித்து வைக்கக்கூடிய சிறு கட்-ஆஃப் பலகை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வோல்ட்மீட்டராவது வையுங்கள்.

18650யின் சிரமம் இணைப்பில் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஹோல்டர் 8 ஆம்பியரில் சூடாகி இளகும். அந்த ஸ்பிரிங்கின் தடையே வோல்ட்டைச் சரிக்கும். செல்லின் மேல் நேரடியாக ஈயப்பற்று வைத்தால் உள்ளே இருக்கும் பிரிப்புத்தாள் வெந்துபோகலாம். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை. பட்டையை இரட்டையாகப் போடுவது நல்லது. அந்தக் கருவி இல்லாதவர்கள் செல் பொதி கட்டித் தரும் கடையில் கொடுத்துவிடலாம். பட்டை ஏற்கெனவே ஒட்டிய செல்களாகவும் விற்கிறார்கள்.

டிரில் பேட்டரியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. போஷ், மக்கிட்டா, மில்வாக்கி ஆகிய எல்லோரும் 12 வோல்ட் வகுப்பு என்று விற்பது உள்ளே மூன்று செல் தொடர்தான், சராசரி 10.8 வோல்ட். டிரில்லைச் சுற்றுவதற்கென்றே செய்த செல்கள் என்பதால் 10 ஆம்பியர் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. கெட்டியான உறை, சரியான சார்ஜர், தீர்ந்தால் கழற்றி வேறொன்றைச் செருகும் வசதி. செருகும் தட்டைத் தனியாகவே வாங்கலாம், முப்பரிமாண அச்சிலும் எடுக்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். 18 வோல்ட் வகுப்பை எடுத்துவிடாதீர்கள்: முழு சார்ஜில் 21 வோல்ட், உச்சம் 66. இன்னொன்று, பல டிரில்களில் பேட்டரி வற்றாமல் தடுக்கும் காவல் டிரில்லுக்குள் இருக்கிறது, பேட்டரிக்குள் இல்லை. நம் சூடாக்கியில் செருகும்போது அந்தக் காவலை நாம்தான் வைக்க வேண்டும். மேலே சொன்ன கட்-ஆஃப் பலகை இங்கே விருப்பம் அல்ல, கட்டாயம்.

குறை ஒன்றே ஒன்று: பருமன். முடிந்த பொருள் காபிக் கோப்பை அளவுக்கு வரும், சட்டைப் பையில் போகாது. ஆனாலும் முதன்முறை கட்டுபவருக்கு நான் சொல்வது டிரில் பேட்டரிதான். லித்தியத்தைக் கையால் இணைக்கும் வேலை இல்லாமல் போவது, பருமனைப் போல நூறு குறைகளுக்கு ஈடு. கட்டிப் பழகிய பிறகு, பைக்குள் போகும் இரண்டாவது ஒன்றை 18650யில் கட்டுங்கள். அந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்தேன்.

குளிர் நாட்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பழக்கம் வேண்டும்: சூடாக்கி மேலங்கியின் உள்பையில், உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லைச் சார்ஜும் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

சுருளும் ஆழமும்

பலகையோடு வரும் சுருள் பெரும்பாலும் விட்டம் பெரிதாக இருக்கும். மூடிக்கும் கம்பிக்கும் இடைவெளி கூடக் கூட, சூடேற அதிக நேரம் ஆகும். 15 அல்லது 16 மி.மீ. டெஸ்ட் டியூப்பின் மேல் எனாமல் பூசிய 1.6 மி.மீ. செம்புக் கம்பியைச் சுற்றுவது என் வழக்கம். கண்ணாடிக் குழாய் உள்ளேயே இருந்துவிட்டால் மூடி கம்பியைத் தொடாது, கசடு படிந்தால் கழுவலாம். சுற்றுகள் குறைந்தால் மின்னோட்டம் கூடும். ஆறில் தொடங்கி, ஆம்பியரை அளந்து, 8ஐ ஒட்டி வரும்வரை ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

வேகத்தில் மயங்க வேண்டாம். மூன்று விநாடியில் சூடேற்றுவதும் முடியும். ஆனால் 'டிக்' ஒலிக்கும் தகடு மூடியின் உச்சியில் இருக்கிறது. மூடியின் பக்கச் சுவர் வெகு விரைவாகச் சூடேறினால் தகடு செய்தியைப் பிந்திச் சொல்லும், அதற்குள் உள்ளே இலை கருகிவிடும். ஏழெட்டு விநாடி என்பது தகடும் சுவரும் ஒன்றையொன்று எட்டிப்பிடிக்கும் வேகம்.

ருசி தீர்மானமாவது ஆழத்தில். மூடியின் உச்சி சுருளின் நடுவில் நின்றால் தகடு முதலில் சூடேறி, 'டிக்' சீக்கிரம் வரும். ஆவி மெல்லியதாக, மணம் தூக்கலாக இருக்கும். இன்னும் உள்ளே இறக்கி, மூடியின் அடிப்பகுதி நடுவில் வரும்படி வைத்தால் 'டிக்' தாமதமாகும். இலை நன்றாக வறுபடும், ஆவி அடர்த்தியாக வரும். குழாயின் அடியில் போடும் சிறு பீங்கான் துண்டோ சிலிக்கோன் வில்லையோதான் இந்த ஆழத்தை நிறுத்தும். தடிமன் மாறிய மூன்று வில்லைகளை வெட்டி வைத்திருக்கிறேன். என் சூடாக்கியில் அடிக்கடி மாறுகிற ஒரே பாகம் அதுதான். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் நாக்குக்குத் தெரிகிறது.

ஸ்விட்ச், பெட்டி

ஒருமுறை அழுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் வகை ஸ்விட்ச் வேண்டவே வேண்டாம். விரலை எடுத்ததும் நிற்க வேண்டும். பைக்குள் தானாக அழுந்தி எரியும் கருவியைவிடப் பெரிய ஆபத்து இந்தத் தொழிலில் இல்லை. சின்னப் பொத்தான்கள் 10 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைத் தாங்காது. தொடுமுனையில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். பொத்தான் ஒரு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் பலகைக்குக் கட்டளை கொடுக்கட்டும், கனத்த மின்னோட்டம் அந்தப் பலகை வழியாகப் போகட்டும். என் நண்பருக்காகச் செய்ததில் பொத்தானே இல்லை என்று சொல்லலாம்: கண்ணாடிக் குழாயைத் தாங்கும் தட்டு முழுவதுமே பொத்தான். மூடியை உள்ளே வைத்து மெல்ல அமுக்கினால் ஓடும், கையைத் தளர்த்தினால் நிற்கும். நடுங்கும் விரலுக்கு அது ஏற்றதாக இருந்தது. டைமர் வைப்பவர்கள் அதை மேல் வரம்பாக, பதினைந்து விநாடிக்கு வைத்துக்கொள்ளலாம். விரலுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

பெட்டிக்கு மரம் நன்று. முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பி.இ.டி.ஜி. கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இரும்புப் பெட்டி அழகாக இருந்தாலும் சுருளுக்கு அருகில் தானும் சூடேறும். சுருளைச் சுற்றி இரண்டு விரல்கடை தூரத்துக்கு இரும்பு திருகாணிகூட வேண்டாம். மோதிரம் போட்ட விரலைக் குழாய்க்குள் விடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கருவியிடமிருந்து விலகியே இருக்க வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கார்களில் போடும் தட்டை ஃபியூஸே போதும். அளவு 10 ஆம்பியர். எட்டு ஆம்பியரைச் சில விநாடிகளுக்கு அது சலனமின்றித் தாங்கும். பலகை ஆடாமல் நின்றுவிட்டால், நான் போட்டிருந்த 30 ஆம்பியர் ஃபியூஸ் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இது பார்த்துக்கொண்டிருக்காது.

முதன்முறை உயிர்கொடுக்கும்போது

மின்னியல் பழகியவர்கள் புதிய சுற்றை முதன்முதலாகச் சோதிக்க, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பவர் சப்ளையை எடுப்பார்கள். அல்லது ஒரு கார் பல்பைத் தொடராகப் போடுவார்கள். மற்ற எல்லாச் சுற்றுக்கும் நல்ல பழக்கம். இதற்கு அதுவே விஷம்: மின்னோட்டம் எல்லையைத் தொட்டதும் பவர் சப்ளை வோல்ட்டைக் குறைக்கும், பலகை ஆடாமல் நின்று எரியும். அதற்குப் பதில் முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியையும் 10 ஆம்பியர் ஃபியூஸையும் வையுங்கள். சுருளில் எதையும் வைக்காமல் ஒரே ஒரு விநாடி அழுத்தி விடுங்கள். அந்த ஒரு விநாடியில் ஆம்பியர் மீட்டர் இரண்டு, மூன்றைக் காட்டி நின்றால் ஊஞ்சல் ஆடுகிறது என்று பொருள். பத்தைத் தாண்டப் பாய்ந்தால் கையை எடுங்கள். சுருளின் முனைகள் பலகையில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தளர்ந்திருக்கும். அதன் பிறகு, உள்ளே மூலிகை எதுவும் இல்லாத வெறும் மூடியை இறக்கி, 'டிக்' கேட்கும்வரை எண்ணுங்கள்.